பழைய எம்.ஜி.பி. வாங்குமுன்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஒரு எம்.ஜி.பி. ரோட்ஸ்டரை (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) '1966 மாடல்' என்று விற்கிறார்கள். என்ஜின் எண் 18ஜி.பி. என்று தொடங்குகிறது. நம்பலாமா?
- வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: 18ஜி.பி. என்பது 1964 அக்டோபரில் வந்த, கிராங்க் ஷாஃப்டை ஐந்து பேரிங் தாங்கும் என்ஜின், 1798 சிசி. 66-க்குப் பொருந்துகிறதுதான். ஆனால் கொஞ்சம் மெனக்கெட்டால் எந்த எம்.ஜி.பி.யிலும் வேறு எம்.ஜி.பி.யின் என்ஜினை இறக்கிவிடலாம். அதனால் என்ஜின் எண்ணை வைத்து வருடம் சொல்பவரிடம் உஷாராக இருங்கள்.

பானெட்டுக்குள் ரிவெட் அடித்த சேஸிஸ் எண் தகட்டைப் பாருங்கள். ஜி.எச்.என்.3 என்றிருக்க வேண்டும். ஜி என்பது எம்.ஜி., எச் 1400 முதல் 1999 சிசி வரையான வகுப்பு, என் இரண்டு இருக்கைத் திறந்த கார் (கூரை வைத்த ஜி.டி. என்றால் டி). கடைசி எண் 4 என்றால் அது 1967 இறுதியில் வந்த மார்க் 2.

தகட்டையும் மாற்றி அடிக்கலாம். ஆகவே ஓட்டிப் பாருங்கள். 66 காரில் முதல் கியருக்கு சின்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தைச் சமமாக்கி கியரைச் சத்தமின்றி விழவைக்கும் அமைப்பு) கிடையாது. வண்டி மெதுவாக உருளும்போது முதல் கியர் போட்டால் கரகரவென்று அரைக்கும். சத்தமில்லாமல் விழுந்தால் அது மார்க் 2 கியர்பாக்ஸ். அளவில் பெரிய அந்தப் பெட்டி, வெட்டித் திருத்தாமல் பழைய பாடியின் கியர்பாக்ஸ் டனலுக்குள் நுழையாது. அப்படியானால் பாடியையே சந்தேகப்படுங்கள்.

கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் கட்டணம் கட்டி ஹெரிடேஜ் சான்றிதழ் வாங்கலாம். தயாரித்த தேதி, முதல் நிறம், முதல் என்ஜின் எண் எல்லாம் அதில் வரும். முன்பணம் கொடுக்கும் முன்பே விற்பவரை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: அதே காரில் கதவு மேல்பக்கம் இடிக்கிறது. கீல் கோளாறு என்கிறார் விற்பவர்.

பதில்: கீலாக இருந்தால் அதிர்ஷ்டம். இதற்குத் தனி சேஸிஸ் இல்லை, கூரையும் இல்லை. பாடியின் பலம் கதவுக்குக் கீழே ஓடும் சில்லில்தான் இருக்கிறது. வெளித்தகடு, நடுத்தகடு, அடியில் காஸில் ரெயில் என்ற கீழ்த்தகடு என்று அடுக்கடுக்காக வரும் பெட்டி அது. துருப்பிடித்தால் கார் நடுவில் தொய்யும். கதவின் இருபக்கத் தூண்களும் மேலே நெருங்கும். காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி (ஓட்டையை மறைக்கும் பூச்சு). பழைய சில்லின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டு வைத்திருந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

சரியான வேலை என்றால் முன் விங்கை (சக்கரத்துக்கு மேலுள்ள பாடித் தகடு, போல்ட்டில்தான் இருக்கிறது) கழற்ற வேண்டும், பின் விங்கின் அடிப்பகுதியை வெட்டித் திறக்க வேண்டும். சில் இரண்டுக்கும் உள்ளே நீள்கிறது. பாடியின் எடை சஸ்பென்ஷன் இடங்களில் இறங்கும்படி ஸ்டாண்டு வைத்து, கதவு மூடுவதைத் தடுக்காதபடி கதவுத் திறப்பின் குறுக்கே உட்பக்கமாக இரும்புச் சட்டம் வெல்டு செய்த பிறகே பழைய தகட்டை வெட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். புதுத் தகட்டைக் கிளாம்பில் பிடித்ததும், சட்டத்தை எடுக்காமலே கதவை மாட்டி மூடிப் பாருங்கள். இடைவெளி சுற்றிலும் 4 - 5 மி.மீ. வந்தால் டேக் (சிறு பொட்டு வெல்டு) வையுங்கள், மறுபடி மூடிப் பாருங்கள், பிறகுதான் முழு வெல்டு. இங்கே அவசரப்பட்டு முழு வெல்டு வைத்தவர்கள் பிறகு கதவைத்தான் ராவிக்கொண்டிருக்கிறார்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றுங்கள். முடிந்ததும் சில்லுக்குள் கேவிட்டி வாக்ஸ் (துருத் தடுப்பு மெழுகு) அடியுங்கள். வடிகால் துளைகளை அது அடைத்துவிடாமல் பாருங்கள்.

கேள்வி: பங்க்கில் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்) போடலாமா?

பதில்: வேண்டாம். இ5 சூப்பர் போடுங்கள். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை அரிக்கும். ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாக மாற்றுங்கள். என்ஜின் ஹெட்டைக் கழற்றும்போது எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடின சீட் வளையம் இறக்கிக்கொள்ளுங்கள், ஈயமில்லாத பெட்ரோலுக்கு அது தேவை.