விலங்கியல் என்றால் மனப்பாடம் மட்டும்தானா?

விலங்கியல் எடுத்தால் தொகுதி, வகுப்பு, அறிவியல் பெயர் என்று உருப்போடுவதைத் தவிர வேறு என்ன இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்க ஏதாவது மிச்சம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஓர் உதாரணத்தைச் சொல்கிறேன்.

சன்ஷேடுக்கு அடியில் காகிதம் போன்ற கூடு கட்டும் குளவிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஓர் இனம் ரோபாலிடியா மார்ஜினேட்டா. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக மாணவர்களோடு சேர்ந்து ஆராய்வது இதைத்தான். இந்த இனத்தில் ராணிக்கும் வேலைக்காரக் குளவிக்கும் உருவத்தில் வித்தியாசமே தெரியாது. அதனால் ஒவ்வொரு குளவியின் உடம்பிலும் வெவ்வேறு நிறத்தில் பெயின்ட் புள்ளி வைத்து, எது இரை கொண்டுவருகிறது, எது புழுவுக்கு ஊட்டுகிறது, எது எதை விரட்டுகிறது என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து குறித்துக்கொள்கிறார்கள். கருவியைவிடப் பொறுமைதான் இங்கே அதிகம் தேவை.

அப்படிப் பார்த்ததில் தெரிந்தது, ராணி பரம சாது என்பது. யாரையும் மிரட்டுவதில்லை. வயிற்றைக் கூட்டின் மேல் தேய்த்துக்கொண்டே நடக்கிறது. அப்போது படியும் ஒரு ரசாயனம்தான் ராணி இருக்கிறது என்பதை மற்றவற்றுக்குத் தெரிவிக்கிறது. சரி, ராணியை எடுத்துவிட்டால்? கொஞ்ச நேரத்தில் வேலைக்காரக் குளவிகளில் ஒன்று திடீரென்று ஆவேசமாகி மற்றவற்றை விரட்ட ஆரம்பிக்கிறது. ராணியைத் திரும்ப விட்டால் அடங்கிவிடுகிறது. விடாவிட்டால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதுவே முட்டையிட்டு ராணியாகிறது, ஆவேசமும் தணிந்துவிடுகிறது.

என்னை இன்றும் அசர வைப்பது இதற்கடுத்த விஷயம். ராணி இருக்கும்போதே வாரிசு எது என்று நம்மால் கணிக்க முடிவதில்லை. வயதை வைத்தோ, சண்டைக் குணத்தை வைத்தோ சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒன்று எழுந்தவுடன் வேறு எதுவும் போட்டிக்கு வருவதில்லை. குளவிகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்றுதான் சோதனைகள் காட்டுகின்றன.

பெயர்களும் வகைப்பாடும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த இனம் என்று தெரியாமல் எடுத்த குறிப்பு யாருக்கும் உதவாது. ஆனால் அது பாதைதான். கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது, அங்கே விலங்கு நடத்தையும் களப்பணியும் நடத்துகிறார்களா என்று துறையில் நேரில் போய்க் கேளுங்கள். அப்புறம், கூட்டைப் பார்ப்பதானால் தள்ளி நின்றே பாருங்கள், கொட்டினால் கடுக்கும்.