பலூனைத் தூக்குவது ஹீலியம் இல்லை, காற்று!

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய ஹீலியம் பலூன்கள் கூரையில் போய் முட்டி நின்றன. நாங்கள் வாயால் ஊதியவை தரையில் உருண்டன. ஏன் இந்த வித்தியாசம்? மறுநாள் காலையில் பார்த்தால் ஹீலியம் பலூன்களும் கீழே கிடந்தனவே, அது எப்படி?
- வாசகி, மதுரை

பதில்: ஹீலியத்துக்கு மேலே போகும் சக்தி ஏதோ இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. அதையும் பூமி கீழேதான் இழுக்கிறது. காற்றே இல்லாத நிலாவில் ஒரு ஹீலியம் பலூனை விட்டால், அது வெடிக்காமல் தாங்குவதாக வைத்துக்கொண்டாலும், கல் மாதிரி கீழேதான் விழும்.

தூக்குவது சுற்றியுள்ள காற்று. காலிக் குடத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினால் அது கையை எதிர்த்து மேலே வருகிறதல்லவா, அதே சங்கதிதான். காற்றுக்கும் எடை உண்டு, லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிராம். கீழே போகப் போக அழுத்தம் கூடும் என்பதால் பலூனின் அடிப்பக்கத்தைக் காற்று அழுத்துவது மேல்பக்கத்தை அழுத்துவதைவிட ஒரு துளி அதிகம், அந்தத் துளிதான் பலூனை மேலே தள்ளுகிறது. எவ்வளவு தள்ளும்? பலூன் அடைத்துக்கொண்ட இடத்தில் முன்பு இருந்த காற்றின் எடை எவ்வளவோ அவ்வளவு. ஆர்க்கிமிடிஸ் சொன்ன விதிதான்.

ஓர் அடி விட்டமுள்ள பலூன் சுமார் 14 லிட்டர் பிடிக்கும். அந்த அளவு காற்று கிட்டத்தட்ட 17 கிராம். உள்ளே போகும் ஹீலியமோ இரண்டரை கிராம்கூட இல்லை, ரப்பர் ஒரு 3 கிராம். மிச்சமுள்ள 11 கிராம் சொச்சம்தான் தூக்கும் சக்தி. 50 கிலோ ஆளைத் தூக்க 4,500 பலூன்கள் வேண்டும்! வாயால் ஊதியதில் இருப்பதும் ஏறக்குறைய அதே காற்றுதான், அதுவும் கொஞ்சம் அமுங்கிய காற்று, மேலே ரப்பரின் எடை வேறு. அப்புறம் எப்படி மிதக்கும்?

காரில் போகும்போது கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நூல் கட்டிய ஹீலியம் பலூனைப் பின்சீட்டில் இருப்பவர் பிடித்துக்கொள்ளட்டும். வண்டி வேகமெடுக்கும்போது நம் முதுகு சீட்டில் சாயும், பலூன் மட்டும் முன்னால் போகும். பிரேக் போட்டால் பின்னால் வரும். வேகமெடுக்கையில் காருக்குள் இருக்கும் காற்று பின்பக்கம் நெருங்கி, அங்கே அழுத்தம் கூடிப் பலூனை முன்னால் தள்ளுகிறது. தள்ளுவது காற்றுதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஹைட்ரஜன் ஹீலியத்தில் பாதி எடைதான். அதற்காக இரண்டு மடங்கு தூக்காது, 8 சதவீதம்தான் கூடுதல். ஆனால் தீப்பொறி பட்டால் வெடிக்கும். அலுமினியத்தையும் காஸ்டிக் சோடாவையும் சிலிண்டருக்குள் போட்டு அங்கேயே ஹைட்ரஜன் தயாரித்துப் பலூன் விற்பவர்களும் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் குழந்தைகளை தயவுசெய்து விடாதீர்கள்.

சரி, மறுநாள் ஏன் இறங்கியது? ஹீலியம் அணு மிகவும் சிறியது, தனித்தனியாகவே திரியும். இழுபட்ட ரப்பர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்விடும். பலூன் சுருங்கச் சுருங்க அது விலக்கும் காற்று குறைகிறது, ரப்பரின் எடையோ அப்படியே இருக்கிறது. பளபளவென்று அலுமினியப் பூச்சோடு வரும் பலூன்களில் இந்தக் கசிவு மிகக் குறைவு, பல நாள் நிற்கும். ரப்பர் பலூன்தான் வேண்டுமென்றால் முந்தின நாள் இரவே நிரப்பி வைக்காமல், விழாவுக்குச் சற்று முன்னால் நிரப்பச் சொல்லுங்கள்.