புதிதாகக் குடிவந்த புறநகரில் பிள்ளைகள் விளையாட நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

புறநகருக்கு வீடு மாறியிருக்கிறோம், மூன்று வயதிலும் ஏழு வயதிலும் பிள்ளைகள், அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் இப்படி வந்து இறங்கியபோது என் மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு எட்டு. அதனால் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தவறு. இணையத்தில் படங்களைப் பார்த்து, இருப்பதிலேயே பெரிய பூங்காவாகத் தேர்ந்தெடுத்தேன். காரில் 25 நிமிடம். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை போனோம். பிறகு ஒரு முறை. அப்புறம் "அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டாயம்" என்று பேச்சோடு நின்றுபோனது. பிள்ளைகளுக்கு விளையாட்டு தினமும் வேண்டும். 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், 5 வயதுக்கு மேல் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்கும்படி விளையாட வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. இதை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் சேர்த்து வைக்க முடியாது. ஆகவே நடந்து போய்வரும் தூரத்தில் சுமாரான இடம் ஒன்று இருந்தால் அதுதான் உங்கள் இடம்.

தூரத்தைச் சின்னவரின் காலால் அளந்து பாருங்கள். நமக்குப் பத்து நிமிடம் என்றால் மூன்று வயதுக்கு இருபது. நடுவில் பெரிய சாலை குறுக்கிட்டால், அதைக் கடக்கும் இடத்தில் சிக்னல் இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் பூங்கா என்று பெயர் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். குடியிருப்புகளுக்கு நடுவிலும் நூலகத்துக்குப் பின்னாலும் இருக்கும் குட்டி இடங்கள் பல அதில் வருவதில்லை. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கினால் மர நிழலும் ரப்பர் தளத்தின் பளிச் நிறமும் தெரிந்துவிடும். அதைவிட எளிய வழி, மாலையில் பிள்ளைகளோடு தெருவில் இறங்கி நடப்பது. செருப்பில் மணலோடு ஒரு குழந்தை எதிரே வந்தால், கூட வருபவரிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். எங்கள் இடம் அப்படித்தான் கிடைத்தது.

இடம் சிறியது என்று ஒதுக்காதீர்கள். ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் 1947 முதல் ஆம்ஸ்டர்டாமில் 700-க்கும் மேற்பட்ட விளையாட்டு இடங்களை வடிவமைத்தார். பல, இரண்டு வீடுகளுக்கு நடுவே காலியாகக் கிடந்த மனைகள். ஒரு மணல் தொட்டி, குட்டிக்கரணம் போடச் சில கம்பிகள், தாவிப்போகச் சில கற்கள், அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்ததும் சறுக்குமரத்தின் உயரத்தைப் பார்க்காமல் அதன் அடியில் இருக்கும் தரையைப் பாருங்கள். விளையாட்டு இடங்களில் படும் காயங்களுக்கு முதல் காரணம் கீழே விழுவதுதான். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, மரச்சீவலோ மணலோ குறைந்தது 9 அங்குலம், அதாவது சுமார் 23 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும் என்கிறது. புல்தரை மெத்தென்று தெரிந்தாலும் அதைப் போதுமான தரையாக அது ஏற்பதில்லை. நான் ஒருநாள் ஊஞ்சலுக்கு அடியில் குனிந்து மணலை விரலால் கிளறினேன். நாலு விரல் ஆழத்தில் நகம் கான்கிரீட்டில் உரசியது. பிள்ளைகள் கால் ஊன்றி ஊன்றி நடுவில் மணல் முழுவதும் விலகிப்போயிருந்தது. சுற்றிலும் மேடாக இருந்ததால் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. படம் எடுத்து, பராமரிப்பவர்களுக்கு இரண்டு முறை எழுதினேன். நிரப்பினார்கள். இப்போதும் ஊஞ்சலுக்குப் போனால் முதலில் காலால் மணலைத் தள்ளிப் பார்ப்பேன்.

அடுத்தது இடைவெளிகள். கைப்பிடிக் கம்பிகளுக்கும் ஏணிப் படிகளுக்கும் நடுவே 9 செ.மீ.க்கு மேல், 23 செ.மீ.க்குள் சந்து இருந்தால் ஆபத்து. உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். கழுத்தில் தொங்கும் கயிறு உள்ள சட்டை வேண்டாம், அது சறுக்குமரத்தின் உச்சியில் சிக்கும். வெயில் நாளில் புறங்கையைச் சறுக்குப் பலகையில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உலோகம் மட்டுமல்ல, பிளாஸ்டிக்கும் ரப்பர் தளமும் தோலைச் சுட்டுவிடும். இன்னொன்று, இது பலருக்குத் தெரிவதில்லை: சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்காதீர்கள். குழந்தையின் கால் ஓரத்தில் மாட்டினால், நம் எடையின் வேகத்தில் அந்தக் கால் முறியலாம். தனியாகச் சறுக்க முடியாத சறுக்கு அந்த வயதுக்கானது இல்லை.

இரண்டு வெவ்வேறு வயதில் பிள்ளைகள் இருப்பதால் உங்களுக்கு ஒரு கேள்வி கூடுதல். ஒரே பெஞ்சிலிருந்து இரண்டு பேரும் கண்ணுக்குத் தெரிகிறார்களா? 2 முதல் 5 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு பக்கம், அதைவிடப் பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு பக்கம் என்று பிரித்திருப்பது நல்லது. ஆனால் நடுவில் சுவரோ புதரோ மறைத்தால் நீங்கள் தனியாக அழைத்துப் போகும் நாளில் தவித்துப்போவீர்கள். கழிப்பறை, குடிநீர் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

இத்தனையும் பாதுகாப்புக்கு. பிள்ளை மறுபடி போகலாம் என்று கேட்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. என் மகள் ஒரு மாலை முழுவதும் சறுக்குமரத்தின் பக்கமே போகவில்லை. சொட்டிக்கொண்டிருந்த குழாயடியில் உட்கார்ந்து, ஒரு டப்பா மூடியால் தண்ணீரை மொண்டு மணலில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடாத இடத்தில் இலையை வைத்துத் திருப்பினாள். டென்மார்க்கில் சோரன்சன் என்ற பூங்கா வடிவமைப்பாளர், தான் அமைத்த இடங்களைவிடக் கட்டட வேலை நடக்கும் இடங்களில் கிடக்கும் பலகையையும் செங்கலையும் வைத்து விளையாடத்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்று கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1943-இல் கோபன்ஹேகன் அருகே எம்ட்ரப்பில் திறக்கப்பட்ட விளையாட்டுத் திடல். ஆகவே மணல், குச்சி, கல், தண்ணீர் என்று கையால் நகர்த்த ஏதாவது இருக்கும் இடத்துக்கு நான் எப்போதும் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

ஒரே முறை போய் முடிவெடுக்காதீர்கள். வாரநாள் மாலை ஒருமுறை, விடுமுறை நாள் காலை ஒருமுறை. பெரிய பையன்கள் பந்து விளையாட வந்ததும் சின்னவர்களுக்கு இடமில்லாமல் போகிறதா என்பது அப்போதுதான் தெரியும். நல்லது என்று பட்டால் இரண்டு வாரம் அதே நேரத்தில் போய் வாருங்கள். முதல் வாரம் என் மகன் என் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒன்பதாவது நாளோ என்னவோ, ஒரு பையன் ஓடி வந்து "நேத்து ஏன் சீக்கிரம் போயிட்டே?" என்று அவனைக் கேட்டான்.

உங்கள் சின்னவர் மூன்று வயது என்பதால், வேலியும் சாத்தும்படியான கேட்டும் இருக்கிற இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.