பயோடெக்னாலஜி செய்முறைப் பயிற்சியால் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உண்மையிலேயே பயன் உண்டா?

பிளஸ் டூ படிக்கும் மகளை விடுமுறையில் ஒரு பயோடெக் ஒர்க்‌ஷாப்பில் சேர்க்கலாமா, காசு வீணாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசிரியர்களுக்கும் இதே பயிற்சி எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மேல்நிலை வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். இந்தப் பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன், இப்போது மற்ற ஆசிரியர்களுக்கு நடத்தவும் செய்கிறேன். கட்டாயம் பயன் உண்டு. ஆனால் பிள்ளை தன் கையால் செய்ய வேண்டும், வந்த முடிவைச் சந்தேகப்படவும் பழக வேண்டும். பல இடங்களில் இரண்டாவது நடப்பதே இல்லை.

எல்லோருக்கும் தெரிந்த வாழைப்பழ டிஎன்ஏ சோதனையையே எடுத்துக்கொள்வோம். பழத்தை மசித்து, உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, வடிகட்டி, நன்றாகக் குளிர்ந்த ஆல்கஹாலை டியூபின் ஓரமாக மெதுவாக விட்டால், இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில் வெள்ளையாக நூல் திரளும். பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், அத்தோடு சர்டிபிகேட். ஆனால் அந்த வெள்ளை நூல் முழுவதும் டிஎன்ஏ அல்ல. பழத்தில் பெக்டின் என்ற பசைப்பொருள் ஏராளம். அதுவும் ஆல்கஹாலில் இதே போலத் திரளும். ஆர்என்ஏவும் கொஞ்சம் புரதமும் கூடவே வரும். "இது டிஎன்ஏதான் என்று எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்கும் ஆசிரியர் கிடைத்தால்தான் அங்கே பாடம் தொடங்குகிறது. பழம் போடாமல், மற்றதெல்லாம் சேர்த்து இன்னொரு டியூப் வைக்க வேண்டும். திரண்டதில் கொஞ்சம் எடுத்து டைஃபினைலமைன் கரைசலோடு சூடாக்கிப் பார்க்க வேண்டும். டிஎன்ஏ இருந்தால் நீல நிறம் வரும். அந்தக் கரைசலில் அடர் அமிலம் இருப்பதால் அதை ஆசிரியர்தான் கையாள வேண்டும். சிபிஎஸ்இ 12ஆம் வகுப்புச் செய்முறையில் பாலக் கீரை, பச்சைப் பட்டாணி, பப்பாளி போன்றவற்றிலிருந்து டிஎன்ஏ பிரிப்பது இருக்கிறது. நான் பார்த்தவரை ரெக்கார்டு நோட்டில் படம் வரைவதோடு அது முடிந்துவிடுகிறது.

அடுத்த படியாக நான் மிகவும் மதிப்பது, பிடிசி என்ற வேதிப்பொருளின் கசப்பு யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்று பார்க்கும் சோதனை. 1931இல் டூபான்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் இந்தப் பொடியைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் ஒரே கசப்பு என்றார், ஃபாக்ஸுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை. இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணமான மரபணு டிஏஎஸ்2ஆர்38 என்பது 2003இல் தெரியவந்தது. வகுப்பில் உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளித்தால் கன்னத்துச் செல்கள் கிடைக்கும். அதிலிருந்து டிஎன்ஏ எடுத்து, இந்த மரபணுவில் 221 எழுத்து நீளமுள்ள துண்டை மட்டும் பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையால் பெருக்கி, ஹே-3 என்ற நொதியால் வெட்ட வேண்டும். கசப்பை உணரும் வகை 177, 44 என இரண்டாக வெட்டுப்படும். உணராத வகை அப்படியே நிற்கும். பிறகு, மின்சாரம் பாய்ச்சித் துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, தன் நாக்குக்கும் அதில் கோடாகத் தெரியும் தன் பேண்டுக்கும் ஒத்துப்போகிறதா என்று பிள்ளையே பார்க்கலாம்.

இங்கேதான் சுவாரசியம். ஒரு பெண்ணின் வரிசையில் 221, 177 இரண்டு பேண்டும் தெரிகிறது. அவள் இரண்டு வகையும் கலந்தவளாக இருக்கலாம். நொதி சரியாக வேலை செய்யாமல் பாதி வெட்டியிருந்தாலும் இதே படம்தான் வரும். அதனால் கட்டாயம் வெட்டுப்படும் என்று முன்பே தெரிந்த ஒரு சாம்பிளையும் பக்கத்திலேயே ஓட்ட வேண்டும். அப்புறம், பேண்ட் ஒன்று சொல்ல, நாக்கு வேறு சொல்லும் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒரு மரபணு ஒரு பண்பு என்று பாடத்தில் படித்தது முழுக் கதை இல்லை என்று அவர்களுக்குப் புரிவது அப்போதுதான். எந்த விளக்கவுரையும் அந்த வேலையைச் செய்ததில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன்: பெயருக்குப் பதில் எண் போட வேண்டும், அப்பா அம்மாவின் சாம்பிளை வாங்கவே கூடாது. குடும்பத்துக்குள் ஒப்பிட்டால் யாரும் கேட்காத கேள்விகள் வெளியே வந்துவிடும்.

ஆசிரியர்களுக்கு எதற்கு என்றால், மாணவி ஒருமுறை செய்துவிட்டுப் போய்விடுவாள். ஆசிரியர் கற்றால் ஆண்டுதோறும் ஒரு வகுப்பே செய்யும். அமெரிக்காவில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் 1988இல் பள்ளி மாணவர்களுக்கென்றே டிஎன்ஏ கற்றல் மையம் திறந்தது. அதற்கு முன்பே அவர்கள் ஆய்வகக் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் அறிவியல் அகாடமிகள் ஆசிரியர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சியும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையும் தருகின்றன; ஆசிரிய நண்பர்கள் தகுதி விவரம் பார்த்து விண்ணப்பியுங்கள்.

நான் ஆசிரியர்களுக்கு நடத்தும்போது முதல் அமர்வு முழுக்க, துளியளவு திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்தான், அதுவும் வெறும் கலர் தண்ணீரில். அதன் பொத்தானை முதல் தடை வரை அழுத்தி உறிஞ்சி, இரண்டாவது தடை வரை அழுத்தி வெளியேற்ற வேண்டும். உறிஞ்சும்போதே இரண்டாவது வரை அழுத்திவிட்டால் அளவு கூடிவிடும், அன்றைய முடிவு அத்தனையும் போச்சு. ஜெல் குழியில் சாம்பிள் விடும்போது முழங்கையை மேசையில் ஊன்றி, டிப்பைக் குழியின் வாயில் மட்டும் வைத்தால் போதும். கிளிசரால் கலந்த சாயம் தானாகக் கீழே இறங்கும். ஆழமாகக் குத்தினால் ஜெல்லின் அடி கிழிந்து சாம்பிள் கசிந்துவிடும். கருவி இல்லாத பள்ளிக்கும் வழி உண்டு. கடையில் கிடைக்கும் அகர் அகரில் ஜெல் செய்து, சமையல் சோடாக் கரைசல் ஊற்றி, ஐந்து 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால், உணவு நிறமிகளைப் பிரித்துக் காட்டலாம். வீட்டு மின்சாரத்தை மட்டும் தொடவே கூடாது.

சரி, உங்கள் மகள் விஷயம். பணம் கட்டும் முன் நடத்துபவரிடம் சில கேள்விகள் கேளுங்கள். ஒரு பிப்பெட்டுக்கு எத்தனை பேர்? ஜெல்லில் சாம்பிள் விடுவது பிள்ளைகளா, நடத்துபவரா? டிஎன்ஏ சேர்க்காத டியூப் ஒன்றும் கூடவே ஓட்டுவீர்களா? ஜெல்லுக்கு எந்தச் சாயம்? எத்திடியம் புரோமைடு என்றால், அது மரபணு மாற்றத்தை உண்டாக்கக்கூடிய பொருள் என்பதால், பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பாதுகாப்பான சாயங்கள் இருக்கின்றன. பேண்ட் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். "எங்களிடம் எப்போதும் வரும்" என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். "ஏன் வரவில்லை என்று உட்கார்ந்து யோசிக்க வைப்போம்" என்று சொன்னால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.