ஒற்றைச் சூட்டு வேட்டைத் துவக்கின் மரச் சோங்கு எவ்வளவு காலம் தாங்கும்? அந்த மரம் ஏன் பிளக்கிறது?

சோங்கு என்பது துவக்கைத் தோளில் அணைத்துப் பிடிக்கிற மரப் பகுதி. ஒழுங்காகப் பேணினால் தலைமுறைகள் தாங்கும். 1871-இல் பிரித்தானியப் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி ஒற்றைச் சூட்டுத் துவக்குகளின் வால்நட் சோங்குகள் பல இன்னும் முழுதாகவே இருக்கின்றன.

கெடுவது பெரும்பாலும் கை பிடிக்கும் ஒடுங்கிய கழுத்தில்தான். சுடும்போது இரும்பு பின்னால் உதைக்க, அந்த உதை அங்கேதான் மரத்தில் இறங்குகிறது. மர நார் நீளவாக்கில் ஓடினால் தாங்கும். குறுக்கே சரிந்தால் பிளக்கும். மண்வெட்டிப் பிடிக்குத் தடி எடுக்கிறவர் அதைக் கண்ணுக்கு நேரே நீட்டி நார் ஓட்டம் பார்ப்பதும் இதற்குத்தான்.

அப்புறம் ஈரம். மாரியில் இறுகிப் பூட்ட மறுக்கிற நம் வீட்டுக் கதவு பங்குனி வெயிலில் கடகடவென்று ஆடும் அல்லவா? சோங்கும் அப்படித்தான். மரம் சுருங்கினால் அதை இரும்போடு பிணைக்கிற நீளத் திருகாணி தளரும். பிறகு ஒவ்வொரு உதையும் சுத்தியல் அடிதான். முதலில் தெரிவது மயிரிழைக் கோடு.

எண்ணெய் ஊற ஊற மரம் உறுதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். மெல்லியதாகத் தடவும் ஆளிவிதை எண்ணெய் சரி, இரும்புக்குப் போடும் எண்ணெய் வழிந்து ஊறினால் மரம் கறுத்து மெத்தென்றாகிவிடும்.