கஷ்டத்துல இருந்து நம்பிக்கை வரும்னு பவுல் ஏன் சொன்னார்?

பைபிள்ல உபத்திரவம்னா அடி, ஜெயில், ஊரை விட்டு துரத்துறதுன்னு ஆளை நெருக்குற கஷ்டம். கி.பி. 57 வாக்குல ரோம்ல இருந்த கிறிஸ்தவ சபைக்கு எழுதுன லெட்டர்ல, உபத்திரவம் பொறுமையைத் தரும், பொறுமை ஆளைப் பக்குவப்படுத்தும், அதுல இருந்து நம்பிக்கை வரும்னு இயேசுவைப் பத்தி ஊர் ஊரா போய் சொன்ன பவுல் சொல்றார், சும்மா உக்காந்துட்டு அட்வைஸ் பண்ணல, பிலிப்பிங்கிற ஊர் ஜெயில்ல அடி வாங்கி காலைத் தொழுமரத்துல (காலைப் பூட்டி வைக்குற மரக்கட்டை) மாட்டி வச்சிருந்தப்பவும் நடுராத்திரில பாட்டு பாடுன ஆளு. காரணம், செத்த இயேசுவை கடவுள் எழுப்புனாருன்னா இந்தக் கஷ்டமும் முடிவு இல்லைங்கிறதுதான். பிரசவ வலி மாதிரி (அவரே அந்த லெட்டர்ல சொல்ற உதாரணம்), வலி நிஜம், ஆனா குழந்தை வரப்போகுதுன்னு தெரிஞ்சு தாங்குறது வேற. அதுக்காக கஷ்டத்தைத் தேடிப் போகணும்னு அர்த்தம் இல்ல, எருசலேம்ல சவுக்கடிக்கு கட்டுனப்போ ரோமக் குடிமகனை விசாரிக்காம அடிக்கலாமான்னு கேட்டு தப்பிச்சவரும் இதே பவுல்தான்.