கல்ச்சரில் கிருமி என்றாலே மாத்திரையா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் டி5 (நெஞ்சுப் பகுதியின் ஐந்தாவது எலும்பு) அளவில் அடி. இரண்டு வருடமாக யூரின் ட்யூப்தான். கல்ச்சர் (மூத்திரத்தில் கிருமி பார்க்கும் டெஸ்ட்) எடுக்கும்போதெல்லாம் கிருமி இருக்கிறது என்று ஆன்டிபயாடிக் தருகிறார்கள். போன வாரம் ராத்திரி திடீரென்று கடும் தலைவலி, முகமெல்லாம் வியர்வை. அதுவும் கிருமியாலா?

பதில்: அந்த ராத்திரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன் அம்மா, ரிப்போர்ட்டை விட அதுதான் எனக்குக் கவலை. டி6-லோ அதற்கு மேலோ (உங்கள் கணவரின் டி5 அதற்கு மேல்தான்) அடிபட்டவர்களுக்கு ட்யூப் அடைத்து மூத்திரப்பை நிரம்பினால் வலி தெரியாது, ஆனால் ரத்தக் குழாய்கள் இறுகி பிபி சர்ரென்று ஏறிவிடும். ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்லெக்சியா என்பார்கள்; உயிருக்கே ஆபத்து. வழக்கமாக 100 இருப்பவருக்கு 140 வந்தாலே அவசரம், ஆஸ்பத்திரியில் 140 தானே என்று கவனிக்காமல் விட்டுவிடக்கூடும், அதனால் அவருடைய வழக்கமான பிபியை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

இனி அப்படி வந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கப் போடுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். அப்புறம் ட்யூபைத் தொடையிலிருந்து பை வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள், எங்காவது மடங்கியிருக்கும், இல்லை உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கும். மடிப்பும் இல்லை, மூத்திரமும் வரவில்லை என்றால் ட்யூபை அப்போதே மாற்றியாக வேண்டும், விடியட்டும் என்று இருக்காதீர்கள். மூத்திரம் நன்றாகப் போயும் தலைவலி குறையவில்லையா, மலச்சிக்கலோ புண்ணோ காரணமாக இருக்கலாம், அதற்கும் ஆஸ்பத்திரிதான்.

சரி, கிருமி. ஒரு மாதத்துக்கு மேல் ட்யூப் இருந்தால் ஏறக்குறைய எல்லோருடைய மூத்திரத்திலும் கிருமி இருக்கும். காய்ச்சல், குளிர் நடுக்கம், கால் வழக்கத்தை விட அதிகமாக இழுத்துக்கொள்வது, ஆள் துவண்டு போவது, இப்படி ஏதாவது இருந்தால்தான் மருந்து. நாற்றம், கலங்கல் மட்டும் போதாது. சும்மா சும்மா கொடுத்தால் நிஜமாகக் காய்ச்சல் வரும்போது மருந்து கேட்காது. டெஸ்ட் அவசியம் என்றால் புது ட்யூப் போட்டு அதில் வருவதை எடுக்கச் சொல்லுங்கள், பையில் தேங்கியதை வேண்டாம்.

கழற்றிய ட்யூபின் நுனியைக் கையுறை போட்டு உருட்டிப் பாருங்கள். மணல் போல நறநறத்தால் உப்பு படிகிறது. சிலிகான் ட்யூப் 12 வாரம் வரை தாங்கும் என்றாலும் அவருக்கு 5 வாரத்தில் அடைக்கிறது என்றால் 4-லேயே மாற்றிவிடுங்கள், மூத்திரப்பையில் கல் இருக்கிறதா என்று ஸ்கேனும் பாருங்கள்.

இன்னொன்று, டி5 என்றால் இரண்டு கையும் நன்றாக வேலை செய்யுமே! தினமும் நாலைந்து முறை தானே ட்யூப் போட்டு மூத்திரத்தை எடுத்துவிட்டுக் கழற்றிவிடலாம், தொற்றும் குறையும். இதை இதுவரை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லையா? அடுத்த முறை யூராலஜி டாக்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.